கோழியா, வாத்தா, இரண்டுமா: கொல்லையில் நாலு பறவை விட நினைப்பவர்களுக்கு

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் சும்மா கிடக்கிறது, கோழி விடலாமா வாத்து விடலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் முட்டைக் கணக்கில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எது வருஷத்துக்கு எத்தனை இடும், ஒரு முட்டை என்ன விலை போகும், தீவனம் போக என்ன மிஞ்சும் என்று. நாலைந்து பறவைக்கு இந்தக் கணக்கு பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை. எதை வளர்த்தாலும் வீட்டுக்கு முட்டை வரும், எதை வளர்த்தும் மாடி கட்டப் போவதில்லை. கொல்லையில் கொட்டுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, பொழுது சாய்ந்ததும் கூண்டுக் கதவை யார் சாத்துவது, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நான் இதை எழுதுவது காவிரிப் படுகையின் கொல்லைகளை மனதில் வைத்து. களிமண், ஐப்பசி கார்த்திகையில் கணுக்கால் சேறு, நாலு தென்னை, ஒரு வாழைக்குலை, சுவருக்கு அந்தப் பக்கம் வயல். கொங்குப் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அங்கே வாத்து வளர்ப்பு இன்னும் சுலபம், அந்தத் தண்ணீர் கிடைத்தால்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தண்ணீர். வாத்துக்குக் குளம் வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆனால் தலையை முழுக்க முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள ஐந்தாறு அங்குல ஆழத்துக்காவது தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் ஒட்டிக்கொள்ளும், மூக்கு அடைத்துக்கொள்ளும். அது தின்கிற விதத்தை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாய் தவிடு, உடனே தொட்டிக்கு ஓடி ஒரு முக்கு, அலகின் இரண்டு ஓரத்திலும் கஞ்சி வழிய மறுபடி தவிட்டுக்கு ஓட்டம். பத்து நிமிஷத்தில் தொட்டித் தண்ணீர் பழுப்பாகிவிடும், தொட்டியைச் சுற்றி ஒரு முழம் சேறாகிவிடும். இது தினமும் நடக்கும். அந்தத் தண்ணீரைத் தினமும் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்த தண்ணீர் போக வழி வேண்டும். நிற்க விட்டால் நாற்றம், கொசு, பக்கத்து வீட்டுக்காரர், இந்த வரிசையில் வரும்.

இரவு. பகலில் நாயும் கீரியும் பருந்தும்தான் தொல்லை, குஞ்சாக இருந்தால் காக்கையும். இரவில் கீரிக்குப் பதில் மரநாய், பெருச்சாளி, தெருநாய், முட்டைக்கு வருகிற பாம்பு. கோழிகள் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தாமாகவே கூட்டுக்கு வந்துவிடும், யாராவது கதவைச் சாத்தினால் போதும். வாத்து அப்படி இல்லை, ஓட்டி அடைக்க வேண்டும். பழகிவிட்டால் தவிட்டுச் சட்டியைத் தட்டினாலே வரிசையாக வரும் என்பது உண்மைதான், ஆனால் சட்டியைத் தட்ட ஒரு ஆள் அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புகிற வீடு என்றால் இதை முதலில் யோசியுங்கள்.

அக்கம்பக்கம். முட்டைக்கு மட்டும் என்றால் சேவலும் வேண்டாம், ஆண் வாத்தும் வேண்டாம். பெட்டைகள் துணையில்லாமலே முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. சேவல் இல்லாத வீட்டில் சத்தப் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்துவிடும். வாத்தில் இது நேர்மாறு: ஆணின் குரல் கரகரவென்று அடங்கித்தான் இருக்கும், தெருவைக் கூட்டுவது பெட்டை.

தோட்டம். கோழி கிளறும். கீரைப் பாத்தி, புதிதாக நட்ட கத்தரி, மிளகாய் எதுவும் தப்பாது, தழை மூடாக்கு போட்டால் அதையும் கலைத்துப் பரப்பிவிடும். வாத்து கிளறாது, ஆனால் மிதிக்கும், இளங்கீரையை மேயும். நத்தைத் தொல்லை உள்ள தோட்டமென்றால் வாத்துக்கு ஈடு கிடையாது. மழைக்குப் பிறகு சுவரெல்லாம் ஏறுகிற ஆப்பிரிக்க நத்தையில் குட்டி நத்தைகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிடும், கைப்பிடி அளவு வளர்ந்ததை மட்டும் நீங்கள் எடுத்துப் போட வேண்டும்.

முட்டை நின்ற பிறகு. இதை யாரும் முதலில் பேசுவதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் முட்டை குறைந்துவிடும், பறவை அதற்குப் பிறகும் பல வருஷம் இருக்கும். அறுப்பீர்களா, விற்பீர்களா, வைத்துச் சோறு போடுவீர்களா என்று குஞ்சு வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்த பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

## சிறுவிடைக் கோழி

நாட்டுக்கோழியில் பெருவிடை, கிராப்பு, கழுத்தறுத்தான் என்று பலது உண்டு. கொல்லைக்கு என்னைக் கேட்டால் சிறுவிடைதான். உடம்பு சிறிது, தீனி குறைவு, பருந்து நிழல் விழுந்தால் ஓடி ஒளியத் தெரியும், அடைகாப்பதிலும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவதிலும் அதற்கு நிகரில்லை. ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும், அப்புறம் அடை உட்காரும், இருபத்தொரு நாளில் பொரிக்கும், குஞ்சோடு இரண்டு மாதம் அலையும், மறுபடி ஈடு. வருஷத்தில் நாலைந்து ஈடு, மொத்தம் அறுபதிலிருந்து எண்பது முட்டை. முட்டையும் சிறிது, 40 கிராம் சுற்றி இருக்கும்.

அப்படியானால் நாலு பெட்டைக்குச் சராசரி வாரம் ஐந்தாறு முட்டை. நாலும் ஒன்றாக அடை உட்கார்ந்துவிட்டால் ஒரு மாதத்துக்குப் பூஜ்யம். முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இதன் வரவு முட்டையில் இல்லை, குஞ்சில் இருக்கிறது. வளர்ந்த சேவலுக்கு ஆடி மாதத்திலும் கோயில் நேர்ச்சைக்கும் ஆள் வீடு தேடி வரும், பேரம்கூட அதிகம் இருக்காது. மிஞ்சின ஆண் பறவையை நல்ல விலைக்கு விற்க முடிவது இந்த வகையில்தான்.

மறைந்திருக்கிற செலவு தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடும், வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. மருந்து விலை சொற்பம், சிக்கல் வேறு இடத்தில்: குப்பி நூறு, இருநூறு கோழிக்கான அளவில் வரும், கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். நாலு கோழிக்காரர் தனியாக வாங்கி என்ன செய்வது? கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இலவச முகாமுக்குக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகலாம், இல்லை தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து மருத்துவமனையில் ஒரு நாள் சொல்லிவைக்கலாம். தீவனத்தோடு கொடுக்கிற குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது, அது உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

## கிராமப்பிரியா, வனராஜா வகைகள்

புறக்கடை வளர்ப்புக்கென்றே ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை இவை. பார்க்க நாட்டுக்கோழி நிறம், இடுவது அதைவிட இரண்டு மடங்கு. கிராமப்பிரியா கொல்லையில் விட்டாலே நூற்றைம்பதைத் தாண்டும். வனராஜா நூறு, நூற்றுப் பத்து இடும், கறியும் நன்றாகப் பிடிக்கும். பெங்களூரின் கிரிராஜா, இங்கே நந்தனம் கோழி எல்லாம் இதே ரகத்துச் சொந்தக்காரர்கள்தான்.

இவற்றுக்கு அடை உட்காரும் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை. முட்டைக்கு அது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியில் வாங்க வேண்டும், முதல் மூன்று நாலு வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுத்து, தனித் தீவனம் போட்டு வளர்க்க வேண்டும். கரண்ட் போகிற ஊரில் மார்கழி இரவில் இது தலைவலி. சொந்தக் குஞ்சு பொரித்தாலும் தாய் போல இடாது, கலப்பின் குணம் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். உடம்பு கனம், ஓட்டம் மந்தம், அதனால் நாயிடமும் கீரியிடமும் முதலில் மாட்டுவது வனராஜாதான். மேய்ச்சலில் மட்டும் விட்டால் முட்டை சரியாக வராது, கையால் தீவனம் போட்டே ஆக வேண்டும். கிளிஞ்சல் தூள் இல்லாவிட்டால் தோல்முட்டை வரும்.

ஒரு எச்சரிக்கை. சந்தையிலும் தெருவிலும் கூடையில் வைத்துப் பச்சை, ரோஸ், மஞ்சள் சாயம் போட்டு விற்கிறார்களே, அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைக் குஞ்சுப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட ஆண் குஞ்சுகள். முட்டையும் வராது, கறியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது.

## காக்கி கேம்பலும் நாட்டு வாத்தும்

அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போகிறார்களே, அது நாட்டு வாத்து. ஆரணி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கிளம்பி வயலுக்கு வயல் பட்டி போட்டுக்கொண்டே வருவார்கள். கேரளத்துக் குட்டநாட்டின் சாரா, செம்பல்லியும் இதே மாதிரி மந்தை வாத்துகள்தான். சிந்தின நெல், நத்தை, புழு என்று இலவசத் தீனியில் வளரும்போதுதான் இவற்றின் கணக்கு லாபமாக நிற்கிறது. அந்தக் கணக்கை அப்படியே கொல்லைக்குக் கொண்டுவராதீர்கள், கொல்லையில் சிந்தின நெல் கிடையாது.

காக்கி கேம்பல் இங்கிலாந்தில் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் முட்டைக்கென்றே கலந்து உருவாக்கின இனம். நன்றாகத் தீனி போட்டால் 250-க்கு மேல் இடும், நாலரை ஐந்து மாதத்திலேயே தொடங்கிவிடும், முட்டையும் 65, 70 கிராம். முட்டை எண்ணிக்கையில் எந்தக் கொல்லைக் கோழியும் பக்கத்தில் வர முடியாது. வாத்து விடியலுக்கு முன்னும் பின்னுமாகத்தான் இடும், அதனால் எட்டரை, ஒன்பது மணி வரை அடைத்து வைத்துப் பிறகு திறந்தால் முட்டை எல்லாம் உள்ளேயே கிடைக்கும். ஆறு மணிக்கே திறந்துவிட்டால் செடி மறைவிலும் தொட்டிக்குள்ளும் தேட வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் வாத்தை அவ்வளவாகத் தொடாது, கோழிக்கு வருகிற பல நோய்களைச் சமாளித்துவிடும். ஆனால் வாத்து பிளேக், வாத்து காலரா இரண்டுக்கும் தனியாக ஊசி போட வேண்டும். வேறு இரண்டு விஷயங்கள் கடையில் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வாத்துக்குஞ்சுக்குப் போதுமான நியாசின் என்ற பி வைட்டமின் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். வாத்துக்குஞ்சுத் தீவனம் சிறு ஊர்களில் கிடைக்காது என்பதால் மருத்துவரிடம் கேட்டு பி காம்ப்ளக்ஸ் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதுதான் நடைமுறை. இரண்டு, பூசணம். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வருகிற பூஞ்சை நஞ்சைத் தாங்குவதில் வாத்துக்குஞ்சு மிக மோசம். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தபோது அங்கே வாத்துக்குஞ்சுகளும் சேர்ந்து செத்தன, காரணம் கப்பலில் வந்த கடலைப் பிண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகுதான். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, வாடை வருகிறது, கோழி தின்கிறதே, வாத்துக்கும் போடுவோம் என்றால் மறுநாள் குஞ்சு இருக்காது.

தீவனச் செலவும் சும்மா இல்லை. மேய்ச்சல் இல்லாத இடத்தில் முட்டையிடும் வாத்துக்கு ஒரு நாளைக்கு 120-இலிருந்து 170 கிராம் வரை போகும். உலர் மாவைப் போட்டால் தொண்டையில் அடைக்கும், பிசைந்துதான் வைக்க வேண்டும், பிசைந்தது மீந்தால் புளிக்கும். இரவில் மீந்ததைத் தேடி எலி வரும், எலியைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும். சாயங்காலம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது இந்த வளர்ப்பில் பாதி வேலை.

முட்டை விற்பது பற்றி: ஊரைப் பொறுத்தது. மூலத்துக்கு நல்லது என்று தேடி வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் நாலு பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வாடை அடிக்கும் என்று ஒதுங்குவார்கள். ஆம்லெட்டுக்கும் கேக்குக்கும் இதற்கு மேல் முட்டை கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஈரத் தரையில் இடுவதால் ஓட்டில் அழுக்கு ஒட்டியே வரும், அரைவேக்காடாகச் சாப்பிடாதீர்கள்.

## மஸ்கோவி

முகத்தில் சிவப்புச் சதையோடு, கறுப்பு வெள்ளையில் திரிகிற பெரிய வாத்து. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பறவை, மற்ற வீட்டு வாத்துகளின் வழி வேறு, இதன் வழி வேறு. குரல் கிடையாது, சீறும் அவ்வளவுதான், அதனால் நெருக்கமான தெருவில் வாத்து ஆசை உள்ளவர்களுக்கு இதுதான் பொருந்தும். தண்ணீர்த் தேவை மற்றதைவிடக் குறைவு, ஈ, கொசு, பூச்சி என்று பிடித்துத் தின்னும், தானே அடை உட்கார்ந்து முப்பத்தைந்து நாளில் பொரிக்கும். முட்டை குறைவு, கறிக்குத்தான் லாயக்கு, ஆண் நாலைந்து கிலோ வரை போகும்.

சிக்கல், பெட்டை பறக்கும். மதில் மேல் ஏறி உட்கார்ந்து அடுத்த வீட்டு மொட்டை மாடியில் எச்சமிடும். ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை வெட்டிவிட வேண்டும், இறகு உதிர்ந்து முளைக்கும்போது மறுபடி வெட்ட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | சிறுவிடை | கிராமப்பிரியா | காக்கி கேம்பல் | மஸ்கோவி |
|---|---|---|---|---|
| வருஷ முட்டை | 60–80 | 150-க்கு மேல் | 250-க்கு மேல், தீனியைப் பொறுத்து | நூறுக்குள் |
| அடை | நன்றாக, 21 நாள் | நம்ப முடியாது | உட்காராது (பொரிக்க 28 நாள்) | நன்றாக, 35 நாள் |
| கைத்தீவனம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் |
| ஈரம், சேறு | இல்லை | இல்லை | மிக அதிகம் | ஓரளவு |
| சத்தம் | சேவல் இருந்தால் | சேவல் இருந்தால் | பெட்டை போடும் | சீறல் மட்டும் |
| பாத்திக்குச் சேதம் | கிளறும் | கிளறும் | மிதிக்கும் | மிதிக்கும், மேயும் |
| மிஞ்சின ஆண் | நல்ல விலை | கறி விலை | வாங்க ஆள் குறைவு | கறி விலை |

## இரண்டையும் சேர்த்து வளர்த்தால்?

பகலில் ஒன்றாகத் திரியலாம், இரவில் ஒரே அறையில் கூடாது. கோழி மேலே கம்பில் உட்காரும், வாத்து தரையில் படுக்கும், மேலே இருப்பது எச்சமிடுவது கீழே இருப்பதன் முதுகில். வாத்து நனைக்கிற கூளத்தில் கோழிக்குஞ்சுக்கு இரத்தக்கழிச்சல் வரும். ஆண் வாத்து வைத்திருந்தால் பெட்டை வாத்து ஐந்தாறாவது இருக்கட்டும், குறைந்தால் அது கோழிப்பெட்டை மேல் ஏறும், கோழியின் உடலமைப்பு அதற்கானதல்ல, காயம்பட்டுச் சாகும். முட்டைக்கு மட்டும் வளர்க்கிறவர்கள் ஆணையே விட்டுவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது.

பறவைக் காய்ச்சலையும் சொல்ல வேண்டும். வாத்து அந்தக் கிருமியை வெளியில் நோய் தெரியாமலே சுமக்கக் கூடியது, கோழி அதில் மொத்தமாகப் போய்விடும். ஆலப்புழைப் பக்கம் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்து ஆயிரக்கணக்கில் அழித்ததைப் பார்த்தோம். வயலில் மந்தை வாத்து இறங்கியிருக்கும் நாட்களிலும், வலசைப் பறவைகள் வருகிற பனிக்காலத்திலும் உங்கள் வாத்தை வயலுக்கு விடாதீர்கள்.

இதெல்லாம் சமாளிக்க முடிந்தால் சேர்த்து வளர்ப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: காக்கி அடை உட்காராது, சிறுவிடை உட்காரும். வாத்து முட்டையைக் கோழிக்கு வைப்பது பழைய வழக்கம். ஏழெட்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், அதற்கு மேல் கோழியின் உடம்பு மூடாது. இருபத்தெட்டு நாள் என்பதால் கடைசி வாரத்தில் கோழி சலித்து எழுந்துவிடாமல் தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே வைக்க வேண்டும், முட்டை மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். பொரித்த குஞ்சுகள் முதல் தடவை தொட்டித் தண்ணீரில் இறங்கும்போது அந்தத் தாய்க்கோழி கரையில் போடுகிற கூப்பாடு இருக்கிறதே, கொல்லையில் அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

## இனி கூடு

பறவையைவிடக் கூட்டில்தான் காசு போகும், போகவும் வேண்டும்.

பஞ்சாரம். மூங்கில் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது. தாய்க்கோழியும் குஞ்சும் பகலில் இருக்க, புதிதாக வாங்கின கோழியை இரண்டு நாள் அடைத்துப் பழக்க, இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இரவுக்கு வீட்டுத் திண்ணையில், கதவுக்கு உள்ளே வைக்க முடிந்தால் மட்டும். வெளியே வைத்தால் நாய் புரட்டிவிடும்.

மேடைக் கூண்டு. தரையிலிருந்து இரண்டடி மூன்றடி உயரக் கால், பலகை அல்லது கம்பி அடித்தளம், மேலே ஓடு. கோழிக்கு என் முதல் தேர்வு இதுதான். எச்சம் கீழே விழும், ஈரம் ஏறாது, கீழே குனிந்து பார்த்தால் பாம்பு இருக்கிறதா என்று தெரியும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி, உட்காரக் கம்பில் ஆளுக்கு எட்டு அங்குலம், நாலைந்து பெட்டைக்கு ஓரடிக்கு ஓரடியில் ஒரு முட்டைப் பெட்டி. ஆனால் வாத்துக்கு இது ஆகாது. ஏணி ஏறாது, சரிவுப் பலகை போட்டாலும் தயங்கும், கம்பித் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும்.

இணையத்தில் விற்கும் மடக்குக் கம்பிக் கூண்டுகளும் இந்த வகைதான் என்பார்கள். படத்தில் பத்துக் கோழி நிற்கும், நிஜத்தில் நாலு நின்றால் அதிகம். கூரையும் மழைச்சாரலுக்கு மறைப்பும் தனியாகப் போட வேண்டும், அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் ஊர்த் தச்சர் செய்து தருகிற மரக்கூண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தரைக் கொட்டகை. வாத்துக்கு இதுதான். கொல்லையில் மேடான இடம் பார்த்து, அரையடி மண்மேடை போட்டு, அதன் மேல் சுற்றிலும் இரண்டு வரிசைச் செங்கல், மேலே கம்பிவலை, கூரை. வாத்து ஒன்றுக்கு மூன்று சதுர அடி உள்ளே, வெளியே உலாவ பத்துப் பதினைந்து சதுர அடி. கதவு அகலமாக இருக்கட்டும், எல்லாம் ஒன்றாகத்தான் நுழையும், இடுக்கில் மாட்டிக் கால் பிசகும். தரையில் வைக்கோலோ உமியோ கனமாகப் போட்டு ஈரமானதை அவ்வப்போது வாரிவிட்டுப் புதிது போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகையிலிருந்து தள்ளி, வாழைக்குப் பக்கத்தில் வையுங்கள், கவிழ்ப்பது நேரே பாத்திக்குப் போகும். இரவில் தண்ணீர் உள்ளே வைக்கவில்லையென்றால் தீனியும் வைக்கக் கூடாது, தண்ணீரில்லாமல் தின்றால் விக்கும். இதே கொட்டகையில் நடுவே தடுப்பு வைத்து ஒரு பாதியில் கம்பு கட்டினால் கோழிக்கும் ஆகும்.

நகர்த்தும் கூண்டு. அடியில் தளம் இல்லாமல், இரண்டு பேர் தூக்கித் தினமும் இடம் மாற்றுகிற மாதிரி. காய்கறிப் பாத்தி அறுவடை முடிந்ததும் அதன் மேல் ஒரு வாரம் கோழியோடு வைத்தால் களையும் புழுவும் போய் எருவும் சேரும். பகலுக்கு நல்லது. அடித்தளம் இல்லாததால் பெருச்சாளி தோண்டி உள்ளே வரும், இரவுக்கு நம்ப வேண்டாம்.

எந்தக் கூடானாலும் வலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் கோழி வலை என்று கேட்டால் தருகிற அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது, கடித்து இழுத்தால் பிய்ந்து வரும். அரை அங்குல வெல்டு மெஷ் வாங்குங்கள், விலை கூடத்தான். அதை வெளிப்பக்கமாக ஓரடி தரையில் பரப்பி மண் மூடினால் தோண்டுகிற பிராணி அங்கேயே நின்றுவிடும். கீற்றுக் கூரை குளிர்ச்சி, ஆனால் கோழிச்செல்லும் உண்ணியும் அதில்தான் ஒளியும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தகரம் சித்திரையில் கோழியை வேகவைக்கும், தகரம்தான் என்றால் மேலே கீற்றைப் பரப்புங்கள். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது.

## யாருக்கு எது

சாயங்காலம் வீட்டில் ஆள் உண்டு, இடம் ஒரு சென்ட்டுக்குள், தண்ணீர் போக வழி இல்லை: நாலு சிறுவிடைப் பெட்டை, ஒரு மேடைக் கூண்டு. சத்தத்துக்குத் தெரு ஒப்புக்கொண்டால் ஒரு சேவல்.

குஞ்சு வேண்டாம், பிள்ளைகளுக்குத் தினம் முட்டை வேண்டும்: கிராமப்பிரியா, இரண்டு மாதம் வளர்ந்து ஊசி போட்ட பெட்டையாகப் பார்த்து வாங்குங்கள். குஞ்சைவிட விலை பல மடங்கு, ஆனால் பல்பு, மருந்து, சாவு எல்லாம் கழித்துப் பார்த்தால் அதுவே மலிவு.

வாழை, தென்னை, நத்தை, தாராளமான தண்ணீர், இரண்டு சென்ட்டுக்கு மேல் இடம்: காக்கியோ நாட்டு வாத்தோ மூன்று பெட்டை. ஒரே ஒரு வாத்தை மட்டும் வாங்காதீர்கள், தனி வாத்து கத்திக்கொண்டே இருக்கும், தீனி எடுக்காது.

வீட்டில் இருட்டிய பிறகுதான் ஆள் வரும், வெளியூர்ப் பயணம் அடிக்கடி: எதுவும் வேண்டாம், இப்போதைக்கு. ஒரு நாள் கதவு திறந்து கிடந்தால் போதும்.

முதல் வருஷமே இரண்டும் வேண்டும் என்று துடிப்பவர்கள் கோழியில் தொடங்கி, ஒரு மழைக்காலம் கொல்லையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாத்துக்குப் போகலாம். வாங்கத் தோதான காலம் தை, மாசி. மழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும், குஞ்சுக்குக் குளிர் குறையும், கழிச்சல் முகாமும் அந்த நேரத்தில்தான். அப்போது வாங்கின இரண்டு மாதப் பெட்டை ஆனி, ஆடியில் முட்டைக்கு வந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று குஞ்சு வாங்குகிறவர்கள் பல்புக்கும் பாலித்தீன் படுதாவுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.